சொர்ணராணியின் தூக்கம்

சண்டைக்காலத்தில் சங்குமுனையில் ஒரு படகு தூங்கிப்போனது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் அது எப்படி என்று கேட்பார்கள், சங்குமுனைக்காரர்கள் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் அந்தக் கரையில் களைத்துப்போகாதது என்று எதுவுமே இல்லை, அரிசிக்கு வரிசையில் நின்ற பெண்கள் நின்றபடியே கண்ணயர்ந்தார்கள், பூசை வைத்துக்கொண்டிருந்த பங்குச் சாமியார் ஒரு இலத்தீன் சொல்லுக்கும் அடுத்த இலத்தீன் சொல்லுக்கும் நடுவே குறட்டை விட்டார், கலங்கரை விளக்கம்கூட இருட்டடிப்பு உத்தரவின் பேரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் அசந்து கிடக்கும்போது ஒரு படகு மட்டும் விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

படகின் பெயர் சொர்ணராணி. உப்பள முதலாளி தவசிமுத்து அதைப் பம்பாயில் ஒரு பார்சிக்காரரிடமிருந்து வாங்கி வந்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே பிரம்பு நாற்காலிகள், பீங்கான் தட்டுகள், சன்னலுக்குச் சன்னல் பட்டுத்திரை, மூலையில் ஒரு கிராமபோன். முதலாளிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, துறையைத் தாண்டினாலே வாந்தி வந்துவிடும், ஆனாலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வக்கீல்களையும் டாக்டர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு தீவு வரைக்கும் போய், எல்லோரும் கோழிப் பொரியல் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, முகம் வெளிறித் திரும்பி வருவார். பணக்காரராக இருப்பதிலும் கஷ்டங்கள் உண்டு. மற்ற நாளெல்லாம் சொர்ணராணி துறையில் கட்டிக் கிடக்கும். காக்கை உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் தண்டலாகிய கஸ்பார் மிராந்தாவுக்கு வேலை. தண்டல் என்றால் படகைச் செலுத்துபவர். அவருக்குக் கீழே இஞ்சினைப் பார்த்துக்கொள்ள பையன் வயதைத் தாண்டியும் கல்யாணமாகாத லாசர் என்ற ஒருவன் இருந்தான்.

சண்டை வந்ததும் கப்பற்படைக்குப் படகுகள் போதவில்லை. பெரிய கப்பல்களெல்லாம் எங்கெங்கோ போய் மூழ்கிக்கொண்டிருக்க, கரையைக் காப்பதற்குப் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளை வாங்கினார்கள். சொர்ணராணியையும் அப்படித்தான் நாற்காலி, தட்டு, கிராமபோன், தண்டல், இஞ்சின்காரன் எல்லாவற்றோடும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். சாம்பல் நிறம் பூசினார்கள், பட்டுத்திரையைக் கழற்றினார்கள், பெண்கள் உட்கார்ந்து நிலாப் பார்த்த இடத்தில் ஒரு பீரங்கியை நட்டார்கள், பெயரை அழித்து எண் போட்டார்கள். ஊர் அந்த எண்ணை ஒருநாளும் சொன்னதில்லை. கஸ்பாருக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். அது அவருக்குக் காது வரை இறங்கியது.

அதன் பிறகு சொர்ணராணிக்கு ஓய்வே இல்லை. விடியும் முன்பே போய்ப் பவளப்பாறைக்கு அப்பால் வடக்கும் தெற்குமாக நடை போட வேண்டும், சப்பான்காரனின் நீர்மூழ்கி தலை தூக்குகிறதா என்று பார்க்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும், மறுபடி விடியும் முன்பே போக வேண்டும். இன்னொரு உத்தரவும் இருந்தது. ரோந்துப் படகு வெளியே நின்றால்தான் மீன்பிடி வள்ளங்கள் பாறையைத் தாண்டலாம், இல்லையென்றால் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆக சொர்ணராணி போனால் ஊரில் அடுப்பு எரியும், போகாவிட்டால் எரியாது.

கஸ்பாரின் மனைவி சவேரியாளுக்கு அடுப்பைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளுடைய ஒரே தம்பி ரங்கூன் பக்கம் போன சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன், கப்பலும் வரவில்லை அவனும் வரவில்லை. சொர்ணராணி ஓடும்வரை கஸ்பார் தினமும் பொழுது சாய வீட்டுக்கு வருவார். அது நின்றுபோனால் ஆளைச் சும்மா விட்டுவைக்க மாட்டார்கள், அதே ரங்கூன் கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். தினமும் துறைக்கு வந்து படகின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போவாள். படகு களைத்துக்கொண்டே வருகிறது என்பதை முதலில் கண்டவளும் அவள்தான்.

ஒருநாள் காலை இஞ்சின் பேசவில்லை. லாசர் உள்ளே இறங்கி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான், துடைத்துப் பார்த்தான், கடைசியில் காதை வைத்துக் கேட்டான், பிறகு சத்தம் போடாமல் மேலே ஏறி வந்தான்.

"இஞ்சின்ல ஒரு கொறையுமில்ல தண்டலே. இது தூங்குது," என்றான்.

துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் லெப்டினன்ட் குருமூர்த்தி. சண்டைக்கு முன்னால் மதராசில் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, கடலை மெரினாவில் நின்று பார்த்ததோடு சரி.

"படகு எப்படிய்யா தூங்கும்?" என்று கேட்டார்.

"அசந்துபோச்சு சார். நீங்களே கைய வச்சுப் பாருங்க," என்றார் கஸ்பார்.

லெப்டினன்ட் கையை வைத்தார். பலகை மெல்ல உப்பியது, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு தணிந்தது. அலையினால் அல்ல, அலை வேறு தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பீரங்கிகூட மூச்சுக்கு மூச்சு மூக்கை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. லெப்டினன்டுக்கு ஆச்சரியமாக இல்லை, பொறாமையாக இருந்தது. சங்குமுனைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கியதில்லை.

"ரிப்போர்ட்ல நான் என்னன்னு எழுதறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

எழுப்பிப் பார்த்தார்கள். சங்கு ஊதினார்கள், கோயில் மணியை அடித்தார்கள், அடுப்புக்கரியைப் புகைய விட்டார்கள். சொர்ணராணி ஒரு தரம் புரண்டது, அதில் கயிறு இரண்டு அறுந்தது, அவ்வளவுதான். பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. வலைகளை அதன் விலாவில் காயப்போட்டவர்கள் அவை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பல் முளைக்கும் பிள்ளைகளைக் கொண்டுவந்து அதன் நிழலில் கிடத்தினால் அழுகை நின்று உறங்கிவிடும் என்று கண்டுபிடித்த பெண்கள், வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை வரிசையாக விட்டுவிட்டுப் போனார்கள். சில மத்தியானங்களில் சொர்ணராணி கனவு கண்டது. அப்போது யாருமில்லாத உள்ளறையிலிருந்து கிராமபோன் பாட்டும், சோடா உடைக்கும் சத்தமும், கோழிப் பொரியல் வாசமும் வரும். பசியோடு கரையில் இருந்தவர்கள் அந்த வாசத்துக்காகக் காற்று வரும் திசையில் வந்து உட்கார்வார்கள். சிரிக்கிறது யார், டாக்டர் பெண்டாட்டியா, வக்கீல் பெண்டாட்டியா என்று பெண்கள் பந்தயம் கட்டுவார்கள். தீர்த்தம் தெளித்து மந்திரித்த படகு தூங்கலாமா என்று சிலர் போய்க் கேட்டபோது சாமியார் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "புயலடிக்கும்போது ஆண்டவரே படகில் தூங்கினாரே, அதைப் பார்த்துக்கொண்டிருந்த படகுக்கும் கொஞ்சம் ஆசை இருக்கும்தானே," என்றார்.

ஆனால் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. அடுப்புகள் எரியவில்லை. துறையில் கூட்டம் போட்டு ஆண்கள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது சவேரியாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"எதுக்கு எழுப்பணும்? எழுப்பாமக் கூட்டிட்டுப் போங்க. தூங்குத பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நாம திருநாளுக்குப் போறதில்லையா?"

ஆண்களுக்கு இது தோன்றவில்லை. தோன்றாததை ஒப்புக்கொள்ளாமல், கயிறு போதுமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து சங்குமுனை வள்ளங்கள் விடியும் முன்பே சொர்ணராணியைக் கட்டி இழுத்துக்கொண்டு போயின. யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, துடுப்பில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. கஸ்பார் தொப்பியைப் போட்டுக்கொண்டு சுக்கான் பக்கத்தில் நின்றார், லாசர் புகைபோக்கிக்கு அடியில் ஒரு தகர டின்னில் ஈரத் தேங்காய்மட்டையைக் கொளுத்திப் புகை விட்டான், பாறைக்கு அப்பால் போனதும் பாதி வள்ளங்கள் மீன் பிடிக்க, மீதி வள்ளங்கள் தூங்கும் படகை வடக்கும் தெற்குமாக இழுத்தன, பிறகு மாற்றிக்கொண்டன. தங்களைக் காவல் காக்க வந்த படகுக்குத் தாங்களே காவல் நிற்பதாக யாருக்காவது தோன்றியிருந்தாலும், அதைச் சொல்ல மூச்சு மிச்சமில்லை. பிடித்த மீன் கொஞ்சம், இழுத்த பாரம் அதிகம், கரைக்கு வந்த ஆண்கள் சோற்றில் கை வைத்தபடியே தூங்கினார்கள். லெப்டினன்ட் தினமும் மாலையில், ரோந்து சென்றது, எதிரி தென்படவில்லை என்று எழுதினார். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது சங்குமுனையில் யாரும் யாருக்கும் சொல்லித்தந்த சட்டமில்லை. மூச்சு விடுவதுபோல அது. பூசைக்குப் போவார்கள், கருவாட்டுக்குப் பதில் கறி கிடைத்தால் தின்பார்கள், சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். எனவே சொர்ணராணியைத் தினமும் இழுத்துப் போக வேண்டும் என்று பேசியபோது, அந்தத் தினமும் என்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வரும் என்று ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. லெப்டினன்டுக்காவது எட்டியிருக்க வேண்டும். அவர் ஆபீஸ் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே வருவதில்லை. வானத்தில் போன கப்பற்படை விமானம் ஒன்று பார்த்தது, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தது, சங்குமுனைக் கரை காவலில்லாமல் கிடக்கிறது என்று சொல்லிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்கார கமாண்டர் வந்து இறங்கினார். பூசை முடிந்து வந்த ஊரையே துறையில் நிறுத்தி, ஏன் இன்றைக்கு ரோந்து போகவில்லை என்று லெப்டினன்ட் மூலமாகக் கேட்டார்.

கஸ்பாருக்குக் கேள்வியே புரியவில்லை. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா சார்," என்றார்.

"சப்பான்காரன் ஞாயிற்றுக்கிழமை வந்தால்?"

ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஞாயித்துக்கிழமை எவன் கடலுக்குப் போவான்?" என்று ஒரு குரல் வந்தது. "அவனுக்கும் வீடு வாசல் இருக்கும்லா?"

லெப்டினன்ட் இதை மொழிபெயர்க்கவில்லை. கமாண்டர் சொர்ணராணியின் விலாவில் கையை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சண்டையில் அவர் பார்த்தவற்றோடு ஒப்பிட்டால் தூங்கும் படகு நல்ல காட்சிதான். படகு உதவாது, மணலில் ஏற்றிப்போடு என்றார். வேறு ஊரிலிருந்து இன்னொரு பணக்காரரின் படகு ஆட்களோடு வரும் என்றார். இந்தப் படகின் தண்டலையும் இஞ்சின்காரனையும் வியாழக்கிழமை லாரியில் ஏற்றி ரங்கூன் கடலுக்குப் போகும் கப்பலுக்கு அனுப்பு என்றார். சவேரியாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ரங்கூன் என்ற சொல் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அழவில்லை. அதற்கு நேரமில்லை.

"ஏங்க, நீங்களும் தூங்குங்க," என்றாள்.

"என்னளா சொல்லுத?"

"படகு உதவாதுன்னு விட்டுட்டாம்ல? ஏன் விட்டான்? தூங்குது, அதான். நீங்களும் அதுல போய்ப் படுத்துக் கண்ண மூடுங்க. என்ன செஞ்சாலும் தெறக்காதீங்க."

"எனக்கு நடிக்க வராதுளா. திருநாள் நாடகத்துலயே என்ன மரமாத்தான் நிக்க வச்சாவ."

"மரமாவே கெடங்க. அது போதும்."

"லாசர் போறானே," என்றார் கஸ்பார்.

"அவனுக்கும் சொல்லுங்க."

லாசரிடம் சொன்னார்கள். இரண்டு பேர் தூங்கினால் நம்ப மாட்டார்கள், யாராவது ஒருத்தர் லாரியில் ஏற வேண்டும், தனக்கென்ன பெண்டாட்டியா பிள்ளையா என்றான் அவன். அவனுக்கு அம்மா ஒருத்தி இருந்தாள். அதை அவனும் சொல்லவில்லை, சவேரியாளும் நினைவுபடுத்தவில்லை.

தண்டலும் தூங்கிவிட்டார் என்ற சேதி முன்பே போயிருந்ததால், வியாழக்கிழமை லாரியோடு ஒரு டாக்டரும் வந்தார். கஸ்பார் மணலில் சாய்ந்து கிடந்த சொர்ணராணிக்குள், சுக்கானுக்குப் பக்கத்தில் வெறும் பலகையில் படுத்திருந்தார். படகின் மூச்சும் அவர் மூச்சும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. டாக்டர் கையைத் தட்டினார், மூக்கில் ஏதோ புட்டியைக் காட்டினார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், கடைசியில் உள்ளங்காலில் ஊசியை இறக்கினார். சுற்றி நின்ற ஊர் முழுவதும் தன் காலை இழுத்துக்கொண்டது. கஸ்பார் அசையவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, உதவாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாசர் லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து எல்லோருக்கும் கையை ஆட்டினான்.

லாரி போனதும் ஊருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்ன நடிப்பு, என்ன நடிப்பு, இவரைப்போய் மரமாக நிற்க வைத்தோமே என்றார்கள். சவேரியாள் குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

"லாரி போயிட்டு. எழும்புங்க."

அவர் எழும்பவில்லை.

"போதுங்க. எல்லாரும் பாக்காவ. எழும்புங்க."

உள்ளங்காலில் ஊசி இறங்கிய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் உறைந்திருந்தது. அவள் அதை முந்தானையால் துடைத்தாள், பிறகு அவர் நெஞ்சில் காதை வைத்தாள், பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஊர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கீழே இறங்கியது.

கட்டிலைக் கொண்டுவந்து அவரை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். படகுக்குப் பழகிய ஊருக்கு ஆளுக்குப் பழகுவதில் சிரமமில்லை. நாவிதர் சனிக்கிழமைகளில் வந்து தூங்குகிறவருக்குச் சவரம் செய்துவிட்டுப் போனார், சாமியார் திருநாளுக்குத் திருநாள் வந்து நெற்றியில் சிலுவை போட்டார், கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து அவர் காதோரம் அழைப்புச் சொன்னார்கள், சொல்லாவிட்டால் மரியாதையில்லை. சவேரியாள் பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி அவருக்குப் புகட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், துடைத்துவிட்டாள், பிறகு மீன் கடகத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்கு நடந்து போய் விற்றுவிட்டு வந்தாள். கொடுத்து வைத்தவள், புருசன் கண் முன்னாலேயே இருக்கிறார் என்று பெண்கள் சொன்னார்கள். அது உண்மைதான். அவர்களில் பலருக்கு அது இல்லை.

ஆனால் அவள் தூங்குவதில்லை. கண்ணை மூடினால் அவர் மூச்சு நின்றுவிடும் என்ற பயம். நிற்காமல் காக்க வேண்டியது தன் காது என்பதுபோல அவள் கேட்டுக்கொண்டே கிடந்தாள். கோபமும் வந்தது. "நல்லாத் தூங்குங்க," என்பாள் கட்டிலைப் பார்த்து. "படுங்கன்னு சொன்னது நான்தானே. எனக்கு வேணும்." பிறகு போர்வையைச் சரிசெய்வாள்.

லாசர் போன கப்பல் மூழ்கிவிட்டதாகச் சேதி வந்த நாளில் அவனுடைய அம்மா இவள் வீட்டுக்கு வந்தாள். கட்டில் அருகே தரையில் உட்கார்ந்து கஸ்பாரையே வெகுநேரம் பார்த்தாள். ஏசுவாள் என்று சவேரியாள் காத்திருந்தாள், ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"இவராவது கெடக்காரே," என்றாள் லாசரின் அம்மா. எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து சவேரியாள் அவள் வீட்டுக்கும் சேர்த்து மீன் எடுத்து வைத்தாள். கொடுக்கும்போது மட்டும் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஒருவழியாகச் சண்டை முடிந்தது. கோயில் மணி அடித்தார்கள், வேட்டுப் போட்டார்கள், கலங்கரை விளக்கத்தின் கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஊரே சொர்ணராணியைச் சுற்றிப் போய் நின்றது, பாதிப்பேர் கஸ்பாரின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இரண்டும் எழும்பவில்லை. சண்டை முடிந்ததற்கும் களைப்புத் தீர்வதற்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது. முதலாளி தவசிமுத்து படகைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தவர், அதன் மூச்சைக் கேட்டுவிட்டு, கடலுக்குப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதியோடு திரும்பிப் போனார்.

அதன் பிறகு அடைமழை ஒன்று வந்து போனது, வெயில் வந்தது, மறுபடி மழை. ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் எதற்கும் காத்திராத நேரத்தில், சொர்ணராணி விழித்துக்கொண்டது. மூக்கிலிருந்து வால் வரைக்கும் பலகை பலகையாக நெளிந்து சோம்பல் முறித்ததாம், பீரங்கி கழன்று மணலில் விழுந்ததாம், பிறகு யாரும் தள்ளாமலேயே தண்ணீரில் இறங்கிப் பவளப்பாறை வரைக்கும் போய் நின்றதாம். அதைப் பார்க்க ஊரே துறைக்கு ஓடியது. சவேரியாள் ஓடவில்லை. சத்தத்தைக் கேட்டதும் கையிலிருந்த கடகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிலைத்தான் பார்த்தாள்.

கஸ்பார் கண்ணைத் திறந்திருந்தார்.

"ஏளா, லாரி போயிட்டா?" என்று கேட்டார்.

"போயிட்டு."

"லாசரு?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பதை அவர் பார்த்துக்கொண்டார். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அவள் தலையில் வெள்ளை முடி இறங்கியிருந்ததைப் பார்த்தார், கடகம் சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்ததைப் பார்த்தார், எவ்வளவு காலம் என்று கேட்க வாயைத் திறந்தார்.

"எல்லாம் அப்புறம் சொல்லுதேன்," என்றாள் சவேரியாள். "இப்பக் கொஞ்சம் எறங்குங்க."

அவர் இறங்கியதும், அவர் உடம்புச் சூடு ஆறாத அந்தக் கட்டிலில் அவள் ஏறிப் படுத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்தாள், அது பாதியிலேயே நின்றுவிட்டது, அவள் தூங்கிப்போனாள்.

கஸ்பார் காலில் பலமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, தேடிக் கண்டுபிடித்தார். அடுப்பை ஊதி ஊதிப் பற்றவைத்து அவளுக்குக் கஞ்சி காய்ச்சினார். எழுப்பலாம் என்று கிட்டே போனார், போனவர் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார், திரும்பி வந்துவிட்டார். கஞ்சி ஆறிப்போனது. மறுபடி சுடவைத்தார். அதுவும் ஆறியது. இன்னும் இரண்டு விறகை உள்ளே தள்ளிவிட்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.